பீரியடில் வேலை செய்தது யார்?

தம்பி, நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். ஜூனில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தைய இரவே உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். போர்டில் சர்க்யூட் படம் சுத்தமாக வருகிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று பீரியட் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறீர்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்றால் அறுபது தலையும் ஆடுகிறது. அடுத்த வாரம் லேபில் அதே ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்து "இதுல மெயின் கான்டாக்டர் எது?" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "இந்தப் பசங்களுக்கு ஆர்வமே இல்ல சார்" என்கிறீர்கள்.

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதை நம்புவதற்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகும். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். இந்தச் செங்கல்பட்டு வண்டி போனால் அடுத்தது வரும்.

அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பில் வேலை செய்தது யார்? யோசித்தது யார், சொல் தேடியது யார், இதற்கு அடுத்து எது என்று கோத்துப் பார்த்தது யார்? எல்லாம் நீங்கள். அதனால் அன்றைக்கு ஸ்டார்-டெல்டாவை நன்றாகக் கற்றுக்கொண்டவரும் நீங்கள்தான். பையன்கள் போர்டைப் பார்த்து எழுதினார்கள், மீதி நேரம் சும்மா இருந்தார்கள். இந்தக் கடை மாஸ்டர் டீ ஆற்றுவதை நாமும் தினமும் பார்க்கிறோம். நம் கையில் குவளையைக் கொடுத்தால் பாதி டீ தரைக்குத்தான் போகும். உங்கள் வகுப்பில் ஆர்வம் குறைவதற்கு முன்னாலேயே குறைந்துபோனது பையன்களுக்கான வேலை. அதைச் சரிசெய்தால் ஆர்வம் பெரும்பாலும் தானாக வருகிறது.

இதில் உங்கள் மேல் பிழை இல்லை. பள்ளியில் பாடம் நடத்த பி.எட். கேட்கிறார்கள். பாலிடெக்னிக்கில் நடத்தப் பொறியியல் பட்டம் போதும். மே மாதம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அடுத்த கல்வியாண்டில் போர்டுக்கு முன்னால் நிற்கிறார்; தனக்கு எப்படி நடத்தினார்களோ அப்படியே நடத்துகிறார். இந்தக் குறையைப் பார்த்துத்தான் 1964-இலேயே தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். இப்போது அதற்கு என்.ஐ.டி.டி.டி.ஆர். என்று பெயர். ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்குக் கிண்டியில் தனியாகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் போக உங்களுக்கு எப்போது வாய்க்குமோ, திங்கள்கிழமை முதல் பீரியட் மட்டும் நிச்சயம் வரும்.

முதலில், யாருக்கு நடத்துகிறீர்கள் என்று பார்ப்போம். காலையில் பொத்தேரியில் மின்சார ரயில் நின்றவுடன் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். எஸ்.ஆர்.எம். வளாகத்துக்குப் போகிறவர்கள் பெரும் பகுதி. அவர்களுக்கு நடுவே யூனிஃபார்ம் சட்டை போட்ட பாலிடெக்னிக் பையன்கள், ஐ.டி.ஐ. பையன்கள், பாராமெடிக்கல் படிக்கிற பெண்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் இப்படித் தொழிலுக்குத் தயார்செய்கிற படிப்புகள்தான். வருகிறவர்களில் பலருடைய வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் இவர்களுக்கு முன்னால் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-இல். அந்த ஆயிரம் ரூபாயால் வகுப்புக்குள் கால் வைத்தவர்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

பின் பெஞ்சில் தூங்குகிறான் என்றீர்களே, அவனை வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல், "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று மட்டும் கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்திருப்பான். அல்லது பன்னிரண்டு மணி வரை சாப்பாடு டெலிவரி ஓட்டியிருப்பான். எல்லாத் தூக்கமும் அப்படி இல்லைதான். ஆனால் கேட்காமல் தெரியாது. கேட்டுவிட்டீர்கள் என்பதே அவனை ஓரிரு நாள் முன் பெஞ்சுக்குக் கொண்டுவரும். அதே பையன் தன் பழைய ஸ்பிளெண்டரின் கார்புரேட்டரைத் தானே கழற்றி மாட்டியிருப்பான். ஆர்வம் இல்லாதவன் அதைச் செய்யமாட்டான்.

சரி, வேலையை எப்படிப் பையன்கள் பக்கம் நகர்த்துவது? இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. இதே ரயிலில் பீச் பக்கம் போனால் எழும்பூர் வருகிறதே, அங்கே 1789-இல் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பள்ளியில் ஆசிரியர்கள் குறைவு, இருந்தவர்களும் சலித்துப்போனவர்கள். ஒரு நாள் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்க்கிறார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை மூத்த பையன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. பெல் தன் பள்ளியில் மணல் பரப்பச் சொன்னபோது ஆசிரியர்கள் இதெல்லாம் நடக்காது என்றார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்தான். 1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

அந்த முறை பிற்காலத்தில் கெட்டும் போனது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் ஒப்பிக்கிற வெறும் பயிற்சியாகிவிட்டது. ஆசிரியர் சம்பளம் மிச்சம் என்று அதைக் கொண்டாடியவர்களும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் பெல் கண்ட விஷயம் உண்மை: அடுத்தவனுக்கு விளக்குகிறபோது விளக்குகிறவன் கற்கிறான். கேட்கிறவனுக்கும் லாபம் உண்டு. அதே இடத்தில் நேற்றுதான் தடுக்கி விழுந்தவனுக்கு, எங்கே தடுக்கும் என்பது வாத்தியாரைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர். நல்ல ஆசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். அவர்கள் கடினமான கணக்கெல்லாம் போட்டார்கள். விசை பற்றிய மிக எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்துப் பார்த்தார், தடுமாறினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, எனக்குத் தோன்றுகிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். அந்தக் கேள்வியை நினைத்துப் பாருங்கள், தம்பி. பாடம் ஒரு பெட்டியில், அவருடைய உலகம் இன்னொரு பெட்டியில். நம் பையன்களுக்கும் இதுதான் நடக்கிறது. மஸூர் 1991 வாக்கில் விரிவுரையைக் குறைத்துவிட்டு, கேள்வி போட்டு மாணவர்களை ஒருவரோடொருவர் வாதாட விட்டார்.

அதை உங்கள் வகுப்பில் வைத்துக் காட்டுகிறேன். சீரீஸ் சர்க்யூட் பாடம். ஒரு பலகையில் இரண்டு ஹோல்டர், பழைய குண்டு பல்பு இரண்டு: ஒன்று 100 வாட், ஒன்று 40 வாட். இரண்டையும் சீரீஸில் இணைத்து எம்.சி.பி. வழியாக 230 வோல்ட் கொடுக்கப்போகிறீர்கள். ஒயரிங்கை நீங்களே செய்யுங்கள், திறந்த முனை ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது. பலகையை எல்லோரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். சுவிட்சைப் போடாதீர்கள். போர்டில் எழுதுங்கள்: எது பிரகாசமாக எரியும்? 1. 100 வாட். 2. 40 வாட். 3. இரண்டும் ஒரே அளவு. 4. இரண்டுமே எரியாது.

இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தன் நோட்டில் எண்ணையும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில், விரலை நெஞ்சோடு ஒட்டி வைத்து எண் காட்ட வேண்டும். அப்படி வைத்தால் பக்கத்து வரிசைக்குத் தெரியாது, முன்னால் நிற்கிற உங்களுக்குத் தெரியும். மெஷின், ஆப் எதுவும் தேவையில்லை. ஒற்றை விரல்தான் அதிகம் இருக்கும், ஏனென்றால் வீட்டில் 100 வாட்தான் எப்போதும் பிரகாசம். சரி, தவறு என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள். "உன்னோட வேற நம்பர் காட்டினவனைப் பிடி. அவனை உன் பக்கம் இழு, மூணு நிமிஷம்" என்று விடுங்கள்.

அப்போது வகுப்பு சந்தையாகும். பிரின்சிபால் வராந்தாவில் போனால் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடங்கள், காதை மட்டும் கொடுங்கள். "வாட்ஸ் அதிகம்னா கரண்ட் அதிகம் இழுக்கும்டா." "டேய் சீரீஸ்ல ரெண்டுக்கும் ஒரே கரண்டுதான்டா." இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் உங்கள் பாடம் கிடக்கிறது. மறுபடி விரல் காட்டச் சொன்னால் எண்கள் நகர்ந்திருக்கும். சுவிட்சைப் போடுங்கள். 40 வாட் எரியும். 100 வாட் பல்பின் இழை மங்கலாகச் சிவந்தால் உண்டு.

இப்போது அறுபது பேரும் உங்களைப் பார்ப்பார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பசி வந்துவிட்டது. இப்போது பத்து நிமிடம் விளக்குங்கள். விரிவுரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கேள்விக்குப் பின்னால் வர வேண்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை: 40 வாட் பல்புக்கு சுமார் 1322 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். சீரீஸில் கரண்ட் ஒன்றே, ஆகவே மின்தடை அதிகமுள்ளதில் திறன் அதிகம். கணக்குப்படி 40 வாட் பல்புக்குச் சுமார் 20 வாட்டும் 100 வாட் பல்புக்கு 8 வாட்டும் கிடைக்கும். உண்மையில் 100 வாட் இழை முழுச்சூடு ஏறாததால் அதன் மின்தடை இன்னும் குறைவு, வித்தியாசம் இன்னும் கூடும். இதே கணக்கைக் கேள்வி கேட்காமல் போர்டில் போட்டிருந்தால் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

கை காட்டியதை எப்படிப் படிப்பது என்பதற்கு மஸூர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முதல் தடவையே பத்தில் ஏழு பேருக்கு மேல் சரி என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பத்தில் மூன்று பேருக்கும் கீழே என்றால் பேசவிட்டும் பயனில்லை, அடிப்படையை மறுபடி சொல்ல வேண்டும். நடுவில் இருந்தால் பேசவிட வேண்டும். நல்ல கேள்வி நடுவில் வந்து விழும்.

நல்ல கேள்வி எங்கே கிடைக்கும் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். அது பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை. போன வருஷத்து விடைத்தாளில் இருக்கிறது, லேபில் பையன் செய்யும் தவறில் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டு வாங்கிப் பையன்கள் சொல்லும் தவறான பதில்களை மட்டும் அதில் எழுதி வையுங்கள். யாருடையது என்று எழுத வேண்டாம். ஒரே தவறு மூன்று பேரிடம் வந்தால் அதற்குள் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது. தவறான பதில் ஒன்றாவது ஆசை காட்டி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாதமே வராது. மின்சாரத்துக்கு மட்டும்தான் இது என்று எண்ண வேண்டாம். வெல்டிங் நடத்துகிறவர் இரண்டு துண்டுகளைக் காட்டி, எதில் கரண்டை அதிகம் வைத்தான் என்று கேட்கலாம். பாராமெடிக்கலில், ரத்த அழுத்தம் பார்க்கிற கஃப் நோயாளியின் கைக்குச் சின்னதாக இருந்தால் காட்டும் அளவு கூடுமா குறையுமா என்று கேட்கலாம். கூடும், அந்தத் தவறால் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் இருப்பார் என்று சொன்னால் அந்தப் பெண்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

இன்னொன்று. "புரிஞ்சுதா?" என்று இனிமேல் கேட்காதீர்கள். அதற்கு "புரிஞ்சுது சார்" என்ற ஒரே பதில்தான் உண்டு. நம் வீடுகளில் பெரியவர் கேட்டால் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, செய்தாலொழிய விடை சொல்ல முடியாத ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். இன்னொரு விஷயத்தையும் அவர் கண்டார்: படிக்கிற பையன் என்று நினைத்தவனுக்கு ஆசிரியர் அதிக நேரம் காத்திருந்தார், மக்கு என்று நினைத்தவனுக்குக் குறைவாக. அதிக நேரம் யாருக்குத் தேவையோ அவனுக்கே கிடைக்கவில்லை. தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் படித்த சொல்லைத் தேடி எடுக்கிற நம் பையனுக்கு மூன்று விநாடியும் போதாது. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடம், அவனுக்கு அது வேலை நேரம்.

லேபுக்கு வருவோம். தொழிற்படிப்பின் உயிரே அங்குதான். ஒரு பேனலுக்கு ஐந்து பேர். ஒருவன் ஒயர் போடுகிறான், பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவன். ஒருத்தி அளவுகளைக் குறிக்கிறாள். மூன்று பேர் சாய்ந்து நிற்கிறார்கள். வருஷம் முழுக்க இப்படியே போனால் மூன்று பேர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்காமலே டிப்ளமா வாங்கிவிடுவார்கள். இதை உடைக்க எளிய வழி ஒன்று உண்டு. படம் ஒருவர் கையில், அவர் பேனலைத் தொடக்கூடாது. ஒயர் இன்னொருவர் கையில், அவர் படத்தைப் பார்க்கக்கூடாது. முதலாமவர் வாயால் சொல்லித்தான் இரண்டாமவர் இணைக்க வேண்டும். மூன்றாமவர் மல்டிமீட்டரில் ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்க்கிறார். நான்காமவர் சப்ளை போடலாமா கூடாதா என்று முடிவு சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார். ஐந்தாமவர் அளவுகளைக் குறிக்கிறார். அடுத்த சோதனைக்கு எல்லோரும் ஓரிடம் மாற வேண்டும். "அந்த ஒயரை இங்க குடு" என்றால் நடக்காது, "ஏ ஒன்லருந்து என்.ஓ.வுக்கு" என்று சொல்லியாக வேண்டும். துறையின் மொழி அப்படித்தான் நாக்கில் ஏறும்.

எந்த வரிசையில் கற்பிப்பது என்பதிலும் நாம் யோசிக்காமல் புத்தகத்தின் வரிசையையே பிடித்துக்கொள்கிறோம். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தையற்கடைகளில் போய் உட்கார்ந்து, தொழில் பழகுகிற பையன்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு சட்டை உருவாகும் வரிசை வெட்டு, தையல், முடிப்பு. பையன்கள் கற்ற வரிசை நேர்மாறு. முதலில் இஸ்திரி, பட்டன், ஓரம் அடிப்பது. பிறகு தையல். கடைசியாகத்தான் துணியை வெட்டும் வேலை. பட்டனைத் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். அதோடு, முடிந்த சட்டையைக் கையில் வைத்திருந்து பழகியவனுக்கு, வெட்டும் நாள் வரும்போது எது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

நம் மெக்கானிக் கடையிலும் இதேதான். புதிதாகச் சேர்ந்தவனிடம் யாரும் எஞ்சினைக் கொடுப்பதில்லை. "பன்னெண்டு-பதிமூணு எடு" என்கிறார் மாஸ்டர். எடுத்து எடுத்தே எந்தப் போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அங்கே கிடைக்காதது, ஏன் என்ற விளக்கம். மாஸ்டருக்கு அதற்கு நேரமில்லை, சில சமயம் தெரியவும் தெரியாது. அந்த ஏனைக் கொடுக்கத்தான் உங்கள் கல்லூரி இருக்கிறது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரே இடத்தில் ஒரே வேலையைப் பழகியவர்கள் எத்தனை பேர் வேறு வேலை தேட வேண்டியிருந்தது என்று உங்கள் பையன்களின் வீடுகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். மெஷின் மாறும், கம்பெனி மாறும். ஏன் என்று தெரிந்தவன் அடுத்த மெஷினையும் திறந்து பார்ப்பான்.

ஆகவே ஸ்டார்ட்டர் லேபில் முதல் வாரம் ஒயரே போட வேண்டாம். சரியாக ஓடுகிற பேனல் ஒன்றைக் கொடுங்கள், இயக்கிப் பார்க்கட்டும், எது எப்போது இழுக்கிறது என்று குறிக்கட்டும். இரண்டாம் வாரம் சப்ளையை எடுத்துவிட்டு நீங்களே ஓர் ஒயரைக் கழற்றி வைத்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் வெறும் பேனல். முதல் நாளே வெறும் பேனலைக் கொடுத்தால் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள், வேறென்ன செய்வார்கள்?

மறதி பற்றியும் சொல்ல வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை இரண்டாம் தடவையும் படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: மூடிவிட்டு எழுதியவர்கள் 56, இரண்டு முறை படித்தவர்கள் 42. மறுநாள் காலைப் பரீட்சைக்கு இரவெல்லாம் படிக்கிறவன் பாஸாகிவிட்டு லேபில் திருதிருவென்று விழிப்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு பீரியடின் முதல் ஐந்து நிமிடமும் நோட்டை மூடச் சொல்லுங்கள். போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, தாளில் எழுதட்டும். மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் காப்பி அடிப்பார்கள், நினைவு வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவரோடு சரிபார்த்துக்கொண்டால் போதும். தாமதமாக வருகிறவர்களும் கொஞ்ச நாளில் நேரத்துக்கு வரத் தொடங்குவார்கள்.

"போர்ஷன் முடிக்க வேண்டாமா சார்?" இதைத்தான் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். நியாயமான பயம், எச்.ஓ.டி. வாரா வாரம் கேட்பார். ஆனால் யார் முடித்த போர்ஷன் அது? நீங்கள் முடித்தது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா. ஸ்காட் ஃப்ரீமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014-இல் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள், அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாம் சேர்த்து. வெறும் விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்பில் 21.8. உங்கள் அறுபது பேரில் அதைப் போட்டுப் பாருங்கள்: இருபது அரியருக்கும் பதின்மூன்று அரியருக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஏழு பேர் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். நேரத்தை வேறு இடத்தில் மிச்சம் பிடியுங்கள். போர்டில் எழுதிப் போட்டுக் காப்பி எடுக்க வைக்கிற நேரம் பெரியது. வரையறைகளையும் படங்களையும் ஜெராக்ஸ் எடுத்தோ குழுவில் அனுப்பியோ கொடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பையன்களுக்கு இது முதலில் பிடிக்காது. 2019-இல் ஹார்வர்டிலேயே டெலோரியே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தி ஒப்பிட்டார்கள். வேலை செய்து கற்றவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் எதில் அதிகம் கற்றதாகத் தோன்றியது என்று கேட்டால், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை திணறுவதை நாம் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். "சார் நடத்தவே மாட்டேங்கிறார், நம்மளையே பேசச் சொல்றார்" என்று உங்கள் காதில் விழும். மனம் உடைந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே இந்த ஆய்வை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பல்பு வகுப்பு முடிந்த கையோடு சொன்னால் நம்புவார்கள். எல்லாப் பீரியடையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேள்வியில் தொடங்கி, கைகூடியதும் கூட்டிக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமை அந்த ஸ்டார்-டெல்டாவையே மறுபடி எடுங்கள். மதுராந்தகம், அச்சரப்பாக்கம் பக்கமிருந்து வருகிற பையன்கள் இருக்கிறார்கள் என்றீர்களே. அவர்கள் ஊரில் பெரிய மோட்டார் வைத்த கிணறு இருந்தால் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் இருக்கும். பட்டனை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம், சில விநாடி கழித்து இன்னொரு "டக்". பாடத்தைத் தொடங்காமல் அவர்களில் ஒருவரை எழுப்பி அந்தச் சத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது சத்தம் எதற்கு, அது வராமலே போனால் மோட்டார் என்ன ஆகும் என்று வகுப்பைக் கேளுங்கள், எழுதட்டும், வாதாடட்டும். ஸ்டார்ட்டில் இழுக்கும் கரண்ட் நேரடி டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு, டார்க்கும் மூன்றில் ஒரு பங்கு என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.

அது முடிந்ததும் இரண்டாவது கேள்வி: ஸ்டார் கான்டாக்டர் விடுவதற்கு முன்னாலேயே டெல்டா இழுத்துவிட்டால்? 1. மோட்டார் வேகமாகச் சுற்றும். 2. ஒன்றும் ஆகாது. 3. மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகும். 4. மோட்டார் திரும்பிச் சுற்றும். விரல் காட்டட்டும், பேசட்டும். மூன்று என்று வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் போர்டில் ஃபேஸிலிருந்து ஃபேஸுக்குக் கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே இன்டர்லாக் போட்டால் தடுக்கலாம் என்று அடுத்தவர் வந்து அதே படத்தில் வரையட்டும். சாக்பீஸை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம்.